உங்கட எண்ணத்துக்குப் பொருந்துற கட்சியை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? வன்னி ஆக்கள் வந்து சொல்லுங்கோ

முரசுமோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். 2024 பாராளுமன்றத் தேர்தல் நேரம் கம்பசில கூடப் படிச்ச பிள்ளை ஒண்டு ஒரு லிங்க் அனுப்பினவள், கேள்விக்குப் பதில் குடுத்தால் எந்தக் கட்சி உனக்குப் பொருந்தும் எண்டு அது சொல்லுமாம். செய்து பாத்தன். துவக்கு வச்சிருக்க விடலாமா, வரியைக் கூட்டலாமா எண்டு என்னென்னவோ கேட்டிட்டு கடைசியில நான் இடதுசாரி எண்டு வந்திச்சு. சரி, அதைக் கொண்டுபோய்க் கிளிநொச்சியில எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடுறது?

அதால நானே கேள்வி எழுதினன். ஆமி வச்சிருக்கிற காணியை விடுவிக்க என்ன செய்வியள், காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர விசயத்தில சர்வதேச விசாரணையா உள்ளூர் விசாரணையா, 13ஆம் திருத்தம் காணுமா சமஸ்டியா, ஊருக்கு ஊர் பார் லைசன்ஸ் குடுக்கிறதுக்கு என்ன சொல்லுறியள், நுண்கடனில மாட்டுப்பட்ட பொம்பிளையளுக்கு என்ன வழி, உங்கட லிஸ்டில எத்தினை பொம்பிளையள். நோட்டீசோட வந்த எல்லாரிட்டையும் கேட்டனான். முதல் வந்தவர் கேள்வியைக் கேட்டுட்டு "தங்கச்சி, அப்பா நிக்கிறாரோ?" எண்டார். இன்னொருத்தர் காணிக் கேள்விக்கு நல்லா விளக்கமாச் சொன்னவர், உண்மையிலேயே ஆழமாப் படிச்ச மனுசன், ஆனா பார் லைசன்ஸ் எண்டதும் தண்ணி குடிக்கத் தொடங்கிட்டார். (தண்ணி எண்டால் பச்சைத் தண்ணிதான்.) மற்றக் கட்சிப் பொடியள் ஊழல், லைசன்ஸ், நுண்கடன் எல்லாத்துக்கும் நான் நினைக்கிற மாதிரியே கதைச்சவங்கள், சமஸ்டி எண்டு கேட்டா "முதல்ல நாடு முன்னேறட்டும் அக்கா, பிறகு எல்லாம் கதைக்கலாம்" எண்டு முடிச்சிட்டாங்கள்.

அப்ப எனக்கு அரசியல் தீர்வில ஒரு கட்சி, காசு விசயத்தில இன்னொரு கட்சி, பொம்பிளையள் விசயத்தில ஒருத்தருமில்லை. இதுக்குள்ள கிளிநொச்சி வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குத்தான் போகுது, அதால லிஸ்டில முக்கால்வாசி எனக்குத் தெரியாத முகம். நீங்கள் எல்லாம் என்ன செய்தனீங்கள்?

ரீச்சரம்மா (முள்ளியவளை):

பிள்ளை, நல்ல கேள்வி. நான் ஓய்வுபெற்ற ஆள், நேரம் இருக்கு, விரிவாச் சொல்லுறன்.

ஜனாதிபதித் தேர்தல் எண்டால் எனக்குப் பிடிச்ச ஆளுக்கு வோட்டுப் போட்ட ஞாபகமே கனகாலமா இல்லை. 2005ல இஞ்ச புறக்கணிப்பு, ஒருத்தரும் போடேல்லை, அதில மகிந்த ரணிலை ரெண்டு லட்சம் கூட வராத வித்தியாசத்தில வெண்டார். பிறகு 2009 மே எல்லாம் முடிஞ்சு, முகாமில இருந்து வந்தும் வராமலும் இருக்கிற நேரம், 2010 ஜனவரியில வந்திச்சு பாருங்கோ ஒரு எலக்சன். ஒரு பக்கம் யுத்தத்தை நடத்தின ஜனாதிபதி, மற்றப் பக்கம் யுத்தத்தை நடத்தின தளபதி. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அந்தத் தளபதி சரத் பொன்சேகாவை ஆதரிக்கச் சொன்னது. வன்னி மாவட்டத்தில அவர்தான் வெண்டவர். வெளிநாட்டில இருக்கிற என்ர தம்பி போன் எடுத்து ஏசினான், எப்பிடியக்கா உங்கட கை போச்சு எண்டு. எனக்கு அவனுக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்லை, நான் பொன்சேகாவுக்குப் போடேல்லையடா, மற்றவருக்கு எதிராப் போட்டனான் எண்டன். 2015ல மைத்திரி, 2019ல சஜித், அதே கணக்குத்தான்.

2024ல தான் சங்குச் சின்னத்தில அரியநேத்திரன் பொது வேட்பாளரா நிண்டவர். வெல்லமாட்டார் எண்டு அவருக்கே தெரியும். தமிழரசுக் கட்சி வவுனியாவில கூடி சஜித்துக்கு எண்டு முடிவெடுத்தது, சைக்கிள் சின்னக் கட்சி ஆக்கள் புறக்கணி எண்டினம். எனக்கு எரிச்சல் வந்திட்டு, ஒரு சனத்துக்கு மூண்டு கட்டளை. ஆனா அண்டைக்குத்தான் எனக்கு ஒரு உண்மை தெரிஞ்சது, ஜனாதிபதி வாக்குச் சீட்டில 1, 2, 3 எண்டு விருப்பம் போடலாம்தானே, நான் சங்குக்கு 1 போட்டு, உள்ளதுக்க பரவாயில்லை எண்டு நினைச்சவருக்கு 2 போட்டன். அந்தத் தேர்தலிலதான் முதல்முதலா ரெண்டாம் விருப்பு வாக்கும் எண்ணினவை, அநுர முதல் சுற்றில 50 வீதம் எடுக்கேல்லை எண்டு. அதால என்ர 1 மனசுக்கு, 2 நாட்டுக்கு. உங்கட லிங்கில இப்பிடி ஒரு கேள்வி இருக்காது.

குளத்தடி:

அப்ப பாராளுமன்றத்துக்கும் அப்பிடியே 3 விருப்பு வாக்கையும் மூண்டு கட்சிக்குப் பிரிச்சுப் போடலாம்தானே? ரீச்சர் சொல்லுங்கோ.

ரீச்சரம்மா (முள்ளியவளை):

ஐயோ ராசா வேண்டாம். அது வேற முறை. ஒரு சின்னத்துக்கு முன்னால மட்டும் புள்ளடி, பிறகு கீழ இருக்கிற இலக்கங்களில அதே கட்சி ஆக்கள் மூண்டு பேர் வரைக்கும். ரெண்டு சின்னத்துக்குப் போட்டால் சீட்டே செல்லாது. மூண்டுக்கு மேல இலக்கம் போட்டால் கட்சி வாக்கு நிக்கும், விருப்பு வாக்குப் போயிடும்.

செட்டிகுளத்தான்:

நம்ம கதை கொஞ்சம் வேற. எங்க தாத்தா 77 கலவரத்துக்கு அப்புறம் மலையகத்துல இருந்து இங்க வந்தவரு, காடு வெட்டி இருந்தவங்க. அவருக்குக் கட்சி தேடுற வேலையே இல்ல, தமிழரசுக் கட்சியோட வீட்டுச் சின்னம்தான். ஏன்னு கேட்டா, 1948ல நம்ம சனத்தோட பிரஜாவுரிமைய பறிச்சப்ப அத எதிர்த்துத்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸ விட்டுப் பிரிஞ்சு அடுத்த வருசம் தமிழரசுக் கட்சிய தொடங்கினாரு, அது நமக்காகப் பொறந்த கட்சிடான்னு சொல்லுவாரு. சாகுற வரைக்கும் அதே பேச்சு.

நான் படிச்சுட்டுப் பார்த்தா தாத்தா சொன்னது சரிதான், வரலாறு அப்படித்தான் இருக்கு. ஆனா இப்ப எங்க பக்கம் இருக்குற பிரச்சின காணிக்கு உறுதி இல்லாம வெறும் பெர்மிட்டோட, சிலருக்கு அதுவும் இல்லாம இருக்குறது, தண்ணி, கூலி வேல. ஒரு கட்சி (பேரு வேணாம்) கூட்டத்துக்குப் போயி எங்க ஊர் ஆளு ஒருத்தரயாவது பிரதேச சபை லிஸ்ட்ல போடுவீங்களான்னு கேட்டேன். மேடையில இருந்தவரு "நாம எல்லாரும் தமிழர்தானே, அதுல என்ன அந்த ஊரு இந்த ஊரு" அப்படின்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தா, அதே கூட்டத்துல நின்ன ரெண்டு பேரு எங்களக் காட்டி ஒரு வார்த்த சொன்னாங்க, இங்க எழுத முடியாது, வன்னியில இருக்குற நம்மாளுங்களுக்கு எந்த வார்த்தன்னு தெரியும். அதுக்கப்புறம் நான் மேடைப் பேச்ச விட்டுட்டு வெளிய நிக்கிறவன் பேச்சத்தான் கேக்குறேன். ஒரு கட்சியோட கொள்க வெளிய நிக்கிறவன் வாயிலதான் இருக்கு, விஞ்ஞாபனத்துல இல்ல.

வவுனியா டவுன்:

நான் ஒளிக்காமச் சொல்லுறன், 2024 நவம்பரில அநுரவின்ர திசைகாட்டிக்குப் போட்டனான். ஏன் எண்டால் எனக்குக் கடை இருக்கு, ஒரு பேப்பருக்கு மூண்டு இடத்தில கவரில லஞ்சம் குடுத்து அலுத்திட்டு. நான் மட்டுமில்லை, வன்னியில முதலாவதா வந்ததே அவையள்தான், 6 சீற்றில 2, யாழ்ப்பாணத்திலயும் 3. இவ்வளவு காலம் தமிழ்த் தேசியம் கதைச்ச கட்சியள் துண்டு துண்டா உடைஞ்சு நிக்கேக்க ஆருக்குப் போடுறது? வீடு தனிய, சங்கு தனிய, சைக்கிள் தனிய. மூண்டும் ஒண்டா நிண்டிருந்தா நான் யோசிச்சிருப்பன்.

முரசுமோட்டைக்காரி:

அண்ணா கோவிக்காதேங்கோ, எனக்கும் அவையின்ர ஊழல் கதை பிடிக்கும், ஆனா வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது எண்டு 2006ல உச்ச நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரிச்சது அதே அநுரவின்ர ஜேவிபி ஆக்கள்தானே. பிறகு ஆட்சிக்கு வந்து 2025 மார்ச்சில வடக்கில 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை காட்டச் சொல்லி வர்த்தமானி விட்டினம், முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதுக்குள்ள. உறுதி எரிஞ்ச சனம் எதைக் காட்டுறது?

வவுனியா டவுன்:

அந்த வர்த்தமானியைப் பிறகு திருப்பி வாங்கிட்டினம்தானே.

முரசுமோட்டைக்காரி:

வாங்கினவை, சனமும் கட்சியளும் சத்தம் போட்டு, நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகு.

வவுனியா டவுன்:

சரி, அது ஒத்துக்கொள்ளுறன். ஆனா என்ர கவர் பிரச்சினைக்கு உங்கட சமஸ்டிக் கட்சிகள் ஒரு வரி எழுதினதை எனக்கு அனுப்புங்கோ, நான் வாசிக்கிறன், உண்மையா.

எருக்கலம்பிட்டி:

நான் மன்னார். எங்கட முஸ்லிம் ஆக்களை 90 ஒக்டோபரில புலிகள் வடக்க விட்டு அனுப்பினாங்க, நான் பிறந்தது வளர்ந்தது புத்தளத்தில, கலியாணம் கட்டி வாப்பாட ஊருக்கே வந்தேன். எங்கட வீட்டில எல்லாரும் ஒரே ஆளுக்குத்தான் போடுவாங்க, வீடு கட்டித்தந்தது, வேலை எடுத்துத்தந்தது எண்டு. அதில நான் பிழை சொல்லமாட்டேன், மீளக்குடியேற வந்த நேரம் வேற யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்ல.

ஆனா எனக்கு இந்தத் தீவுட மண்ணும் கடலும்தான் முதல் கேள்வி. காற்றாலை, கனிய மணல் அகழ்வு. அதானி 2025 பெப்ரவரியில விலகிப் போன பிறகும் மற்றத் திட்டங்கள் நிக்கல, அந்த வருசம் மன்னார் டவுனில சனம் ரோட்டில இருந்தாங்க, கோயில் ஆக்களும் பள்ளி ஆக்களும் ஒண்டா. அங்க போன நேரம்தான் பார்த்தேன், என்ட எண்ணத்தோட ஒத்துப்போற ஆக்கள் நாலு கட்சியிலயும் இருக்காங்க, கட்சி மட்டும்தான் இல்ல. மேடைக்கு வந்த அரசியல்வாதிகள் எல்லாரும் எதிர்ப்பு எண்டுதான் சொன்னாங்க. உள்ளதில யாரு பாராளுமன்றத்தில அத எழும்பிக் கேட்டாங்க எண்டு ஹன்சார்ட்ட, பாராளுமன்றப் பேச்சுப் பதிவ, எடுத்துப் பாருங்க, தமிழ்ப் பேச்சு தமிழிலேயே இருக்கு. நோட்டீஸ விட அது நல்லம்.

குளத்தடி:

ஹன்சாட் வாசிக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை அக்கா 😅 ரீச்சர், 2025 உள்ளூராட்சித் தேர்தலுக்கு நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்? அதுக்கும் மனசு, நாடு கணக்கோ?

ரீச்சரம்மா (முள்ளியவளை):

அதுக்கு எந்தக் கணக்கும் இல்லை. வட்டார முறைதானே, எங்கட ஒழுங்கையில என்னட்டப் படிச்ச பிள்ளை ஒண்டு நிண்டவள், சின்னத்தைப் பாக்காமல் அவளுக்குப் போட்டன். வட்டாரத்தில தோத்திட்டாள், ஆனா பொம்பிளையளுக்கு 25 வீதம் குடுக்கவேணும் எண்டதால பட்டியலில எடுத்து உள்ளுக்கு விட்டிட்டினம். இப்ப குப்பை ட்ரக்டர் எங்கட பக்கமும் வருகுது. செவ்வாய்க்கிழமை மட்டும், அதுவும் டிரைவர் லீவில நிக்காட்டித்தான்.