ரோத் ஐஆர்ஏவா, ட்ரெடிஷனலா? எச்1பி, டெக்சாஸ், ஜாயின்ட் ஃபைலிங்

டல்லாஸ்வாசி:
2025 வரியாண்டுக்கு ஐஆர்ஏ (அமெரிக்காவில் தனிநபர் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு) தொடங்க வேண்டும், ரோத்தா ட்ரெடிஷனலா? நான் எச்1பி (வேலை விசா). சம்பளம் 118,000 டாலர். அதில் 8,000 ஆபீஸ் 401கே-க்கு (கம்பெனி வழி ஓய்வூதியச் சேமிப்பு) போகிறது, மேட்ச் (கம்பெனி தன் பங்காகப் போடுவது) முழுசாகக் கிடைக்கிறது. மனைவி எச்4 (துணைவர் விசா), வேலை இல்லை. பழைய கம்பெனி 401கே-யில் 63,000 கிடக்கிறது, அதையும் ஐஆர்ஏவுக்கு மாற்றிவிடலாமா? ஏழெட்டு வருஷத்தில் ஊர் திரும்பும் எண்ணம் உண்டு.

வரிக்கணக்கு:
உங்கள் கேஸில் ரோத்தான். ட்ரெடிஷனலில் போடும்போது வரிக்கழிவு, எடுக்கும்போது வரி; ரோத்தில் வரி கட்டிய பணத்தைப் போடுகிறோம், ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது வரி இல்லை. கணக்கைப் பாருங்கள்: 401கே போக 110,000. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) 31,500 கழித்தால் 78,500. ஜாயின்ட்டுக்கு (கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால்) 12% வரி ஸ்லாப் 96,950 வரை. ட்ரெடிஷனலில் இருவர் பேரிலும் 14,000 போட்டாலும் இப்போது மிச்சமாவது 1,680 டாலர்தான். அதற்காக முப்பது வருஷ வளர்ச்சி முழுவதையும் பிற்கால வரிக்குத் திறந்து வைப்பது லாபமில்லை. 22% ஸ்லாபில் இருந்தால் யோசிக்க விஷயம் இருக்கும்.

மனைவிக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ஜாயின்ட் ஃபைலிங்கில் உங்கள் சம்பளத்தை வைத்து அவர் பேரில் தனி ஐஆர்ஏ தொடங்கி 7,000 போடலாம். அவரிடம் ஐடிஐஎன் (சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்குத் தரும் வரி எண்) மட்டும் இருந்தால் சில புரோக்கர்கள் கணக்கு திறக்க மறுப்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடு 2026 ஏப்ரல் 15. பணம் அனுப்பும்போது "எந்த ஆண்டுக்கு" என்று கேட்கும் இடத்தில் 2025 என்று தேர்ந்தெடுங்கள். பணம் போட்டதோடு வேலை முடியாது, உள்ளே போய் ஃபண்ட் வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் அது வெறும் ரொக்கமாகவே கிடக்கும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

பேக்டோர்:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த 63,000-ஐ ஐஆர்ஏவுக்கு மாற்றாதீர்கள்.

மனைவிக்கு இஏடி (வேலை செய்வதற்கான அனுமதி) வந்து இருவர் வருமானமும் சேர்ந்து (2025 கணக்குப்படி) 236,000 தாண்டினால் நேரடி ரோத் குறையத் தொடங்கும், 246,000-இல் அறவே இல்லை. ட்ரெடிஷனலில் உங்களுக்குள்ள வரிக்கழிவு அதற்கு வெகு முன்பே, 146,000-இலேயே போய்விடும். அப்போது மிஞ்சும் வழி பேக்டோர்: கழிவு கேட்காமல் ட்ரெடிஷனலில் போட்டு ரோத்துக்கு மாற்றி, படிவம் 8606 தாக்கல் செய்வது.

இதைக் கெடுப்பது புரோ-ரேட்டா விதி. ட்ரெடிஷனலில் வரி கட்டாத 63,000 இருக்கும்போது புதிதாக 7,000 போட்டு 7,000-ஐ மாற்றினால், மொத்தம் 70,000-இல் வரி கட்டியது 10% மட்டுமே. ஆகவே 700 டாலருக்குத்தான் விலக்கு, 6,300-க்கு வரி. தனிக் கணக்கில் வைத்தாலும் தப்பாது, டிசம்பர் 31 அன்று உங்கள் பேரிலுள்ள எல்லா ட்ரெடிஷனல் கணக்குகளையும் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) ஒன்றாகவே பார்க்கும். மனைவியின் கணக்கு இதில் சேராது. பழைய 401கே-யை இப்போதைய கம்பெனியின் 401கே-க்கு ரோல்ஓவர் செய்யுங்கள், பிளான் ஏற்றுக்கொண்டால்.

டல்லாஸ்வாசி:
நன்றி. ரோத்தில் போட்ட பிறகு வருமானம் வரம்பைத் தாண்டினால்?

பேக்டோர்:
புரோக்கரிடம் ரீகேரக்டரைசேஷன் கேளுங்கள். போட்ட பணமும் அதன் லாபமும் ட்ரெடிஷனலுக்குப் போகும். ரிட்டர்ன் நேரத்துக்குத் தாக்கல் செய்திருந்தால் அக்டோபர் 15 வரை அவகாசம். சும்மா விட்டால் அதிகப்படி தொகைக்கு வருஷா வருஷம் 6% அபராதம்.

ரிட்டர்ன்2இந்தியா:
ஊர் திரும்பும் விஷயத்தை யாரும் தொடவில்லை. ரோத்தில் நீங்கள் போட்ட அசலை எப்போது எடுத்தாலும் அமெரிக்காவில் வரியோ அபராதமோ இல்லை. லாபத்துக்குத்தான் 59½ வயதும், ரோத் தொடங்கி ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும். ட்ரெடிஷனலில் அந்த வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 10% அபராதம், நான்-ரெசிடென்ட் ஆகிவிட்டால் புரோக்கர் வழக்கமாக 30% பிடித்துக்கொண்டுதான் தருவார்.

இந்தியப் பக்கம் ரோத்துக்கு அவ்வளவு தெளிவில்லை. இந்திய வருமான வரிச் சட்டம் (1961 சட்டத்தில் 89ஏ பிரிவு), வெளிநாட்டு ஓய்வூதியக் கணக்கின் வருமானத்தை, அதை எடுக்கும்போது அந்த நாடு வரி போடும் ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறது. ரோத்தில் அமெரிக்கா வரியே போடுவதில்லை என்பதால் அது பொருந்துமா என்பதில் ஆடிட்டர்களிடையே ஒத்த கருத்து இல்லை. திரும்பியதும் வழக்கமாக இரண்டு வருஷம் கிடைக்கும் ஆர்என்ஓஆர் (ரெசிடென்ட், ஆனால் சாதாரண ரெசிடென்ட் அல்ல) அந்தஸ்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது, அசலை எடுப்பதானால் அந்தக் காலத்திலேயே எடுங்கள். அது முடிந்ததும் ஷெட்யூல் எஃப்ஏ-வில் (இந்திய ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் பகுதி) ஐஆர்ஏ, 401கே கணக்குகளைக் காட்டியாக வேண்டும், விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமுண்டு.