மழையில் மாட்டிய மோர் மிளகாய், யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மன்னார்குடிப் பக்கம். கொல்லையில் போட்ட தஞ்சாவூர்க் குடமிளகாய் (கேப்சிகம் இல்லை, குண்டாக இருக்கும் சின்ன மிளகாய்) இந்தத் தடவை நன்றாகக் காய்த்தது. மோர் மிளகாய்க்கு இதை அடித்துக்கொள்ள வேறு மிளகாய் இல்லை என்பது என் கட்சி.

காம்போடு பறித்து, நுனியில் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ஊற வைத்தேன். பகலில் மாடி வெயில், ராத்திரி திரும்பவும் தயிர்ச் சட்டி. தயிர் முழுக்க இழுத்துக்கொள்ளும் முன்பே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இப்போது தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. ஆனால் அழுத்தினால் விதைப் பக்கம் ஈரம் கசிகிறது, காம்போரம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பூஞ்சையோ கெட்ட வாடையோ இல்லை.

வெயில் வரும்வரை தயிரோடு ஃபிரிட்ஜில் வைக்கலாமா? இல்லை, தயிரை வடித்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் பரப்பலாமா? மைக்ரோவேவ் வேண்டாம், சூடு சீராகப் பரவாமல் அங்கங்கே கருகி, அங்கங்கே ஈரம் நின்றுவிடும். ஓவனில் குறைந்த சூட்டில், கதவை லேசாகத் திறந்து வைத்துக் காய வைத்தவர்கள் இருந்தால் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். அத்தை காலத்தில் விறகடுப்புக்கு மேல் பரணில் முறத்தோடு வைத்துவிடுவார்கள், புகைச் சூட்டிலேயே காய்ந்துவிடும். இப்போது வீட்டில் கேஸ் அடுப்புதான்.

அப்புறம், கொத்தவரங்காயும் நிறைய இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வைத்து வற்றல் போட வெயில் இல்லை. ஊறுகாயாகப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எலுமிச்சையா, வினிகரா, எது ஒத்துவரும்?