புதுப்பிப்பு: தெமெங்கோர் போய் வந்தாச்சு

தோமான் மீன் பிடிக்க மலேசியாவில், பேராக் மாநிலத்திலுள்ள தெமெங்கோர் ஏரிக்குப் போவதா, தாய்லாந்தில் காசு கட்டிப் பிடிக்கும் குளத்துக்குப் போவதா என்று போன மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்தேன். பலரும் தெமெங்கோர் என்றீர்கள். சரி என்று கிளம்பினோம்.

கிரிக் நகரம் தாண்டி, ஏரியிலுள்ள பண்டிங் தீவுப் படகுத்துறையில் படகு ஏறினோம். முதல் நாள் எனக்கு ஒன்றுமில்லை. மச்சான் ஒரே ஒரு செபாராவ் மீனைப் பிடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதையே பேசினார்.

மறுநாள் கரையோரத்தில் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் மூச்சு வாங்க மேலே வந்தது. தூறல் விழுந்த மாதிரி தண்ணீர் சலசலத்தது. தோமானும் நம் விரால் இனம்தானே, காற்றுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். அடியில் தாயும் தகப்பனும் காவல். பக்கத்தில் போலி இரையான ரப்பர் தவளையை வீசினேன். டமார்! அடித்த வேகத்தில் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் சொல்லியும் முனையில் கம்பி கட்டாதது என் தப்பு. அதன் பல் அப்படி.

படகோட்டிய பாக்சிக் (மலாய் மொழியில் மாமா) சிரித்தார். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடுமாம். குஞ்சோடு இருப்பது சிக்கினாலும் உடனே விட்டுவிடச் சொன்னார்.

தாய்லாந்துக் குளம் அடுத்த வருடம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.