தங்கைக்கு அனோரெக்சியா: குணம்தான் காரணமா?

மல்லிகை:
தங்கைக்கு 19 வயது. அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை மிகவும் குறைத்துக்கொள்ளும் நோய்) என்று சொல்லி மனநல மருத்துவர் சிகிச்சை தொடங்கியிருக்கிறார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும், ஓர் எழுத்து பிசகினாலும் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். இப்போது யாரோடும் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், சாப்பிடும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போனால் அழுகை. வீட்டில் பெரியவர்கள் "அவள் குணமே அப்படித்தான், பிடிவாதக்காரி" என்கிறார்கள். குணத்தால் வந்த நோய் என்றால், குணம் மாறாமல் அது எப்படிப் போகும்?

கதிரொளி:
தொடர்பு இருக்கிறது, ஆனால் குணம் மட்டுமே காரணம் இல்லை. பெர்ஃபெக்‌ஷனிசம் (எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற குணம்), தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம், பழகிய ஒழுங்கை விட முடியாமை எல்லாம் அனோரெக்சியா வந்தவர்களிடம் அதிகம், பலருக்கு நோய் வருவதற்கு முன்பே இருந்திருக்கும். புலிமியாவில் (அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, எடை கூடாமலிருக்க வாந்தி எடுப்பது போன்றவற்றைச் செய்யும் நோய்) கொஞ்சம் வேறு மாதிரி: மனம் கலங்கும்போது யோசிக்காமல் சட்டென்று எதையாவது செய்துவிடும் போக்கு கூடுதலாகத் தெரியும். பதற்றம் இரண்டுக்கும் பொது. ஆனால் இதே குணத்தோடு பிறந்த பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. மரபணு, கடுமையான டயட், உடம்பைப் பற்றிய கேலி என்று பலதும் சேர வேண்டியிருக்கிறது.

தென்றல்:
கதிரொளி சொன்னதோடு இதையும் பாருங்கள் தோழி, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் போல சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். எடை கால்வாசி போனது. அதோடு எரிச்சல், சோர்வு, யாரோடும் ஒட்டாமை, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கவே தொடங்கிவிட்டார்கள். திரும்பச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் மனம் சீராகப் பல மாதங்கள் ஆயின. நீங்கள் சொல்லும் எரிச்சலும் அழுகையும் பெரும்பாலும் பட்டினி செய்கிற வேலையாக இருக்கலாம். எடை கூடாமல் அவள் குணத்தைத் தயவுசெய்து யாரும் எடைபோட வேண்டாம்.

மல்லிகை:
நன்றி, இதை வீட்டில் படித்துக் காட்டுகிறேன். அப்போது அந்தக் கச்சிதக் குணத்தை என்னதான் செய்வது?

கதிரொளி:
அதை அடியோடு மாற்ற வேண்டியதில்லை. உணவுக் கோளாறுகளுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் சிகிச்சை) பெர்ஃபெக்‌ஷனிசத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். ஒழுங்கை விரும்புகிறவளுக்கு, நேரம் குறித்த உணவுத் திட்டமே சில சமயம் பிடிமானமாகிவிடும். ஆனால் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். மிகவும் மெலிந்த உடம்பில் திடீரென்று கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு சரிந்து இதயம்வரை பாதிக்கலாம். மயக்கமோ படபடப்போ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.