புதுப்பிப்பு: ஸ்கூல் பஸ் கூரை 18 அங்குலம் ஏறியாச்சு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒஹாயோவில் பழைய ஸ்கூல் பஸ்ஸை வீடாக மாத்துறேன், நிமிர்ந்தா தலை இடிக்குது, கூரையை எப்படித் தூக்குறதுன்னு கேட்டிருந்தேன். ஜன்னல்களுக்கு நடுவில் கூரையைத் தாங்கி நிக்கிற ரிப்களை (எஃகுச் சட்டங்களை) அறுத்து, நாலு மூலையிலும் நீளமான த்ரெட் ராடு (திருகு மரை உள்ள கம்பி) போட்டுத் திருகச் சொன்னதுதான் கைகொடுத்தது. ஒரு மூலையில் அரை அங்குலம், அப்புறம் அடுத்த மூலை. அவசரப்பட்டா கூரை சாயும். ஏறினதும் இடைவெளியில் அதே வடிவ எஃகுத் துண்டு வெச்சு வெல்டிங்.

எதிர்பாராதது ஒண்ணு: 5 அங்குலத்தில் அப்படியே நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் ராடைத் திட்டினதுதான் மிச்சம். பின்பக்கச் சிவப்பு விளக்கோட வயர் இழுத்துப் பிடிச்சிருந்தது! அறுக்கும் முன்னாடியே வயரையெல்லாம் கழற்றிடுங்க.

இப்போ வெளி உயரம் 12 அடி. இங்கே சட்ட வரம்பு 13 அடி 6 அங்குலம். முன்பக்கத்தில் ஏறின கூரையைப் பழைய உயரத்தோட இணைக்கிற சரிவுத் தகடு மட்டும் மழைக்கு ஒழுகுது, சீலன்ட் மறுபடி அடிக்கணும்.