பனி என்ற சொல்லின் முதல் பொருள் எது?

கேள்வி: ஒரு ஆவணப்படத்துக்குத் தமிழில் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு காட்சியில் புல் நுனியில் பனி, அடுத்ததில் கூரையை மூடி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் பனி. இரண்டுக்கும் ஒரே சொல்லா? இதற்கு முதலில் இருந்த பொருள் எது, தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1: பனித்தல் என்ற வினையைப் பாருங்கள். அதற்குத் துளிர்த்தல், நடுங்குதல் என்று இரண்டு பொருளும் உண்டு. கண் பனித்தது என்கிறோமே, அங்கே குளிரே கிடையாது, நீர் கோத்துக்கொண்டது, அவ்வளவுதான். நடுக்கத்துக்குக் குறள் 1223 இருக்கிறது: ‘பனிஅரும்பிப் பைதல்கொள் மாலை’. இந்தப் பனிக்குப் பரிமேலழகர் நடுக்கம் என்றே உரை சொல்கிறார். மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி என்று பருவத்துக்குப் பெயர் வைத்ததும் நம் ஊரில் இறங்கும் ஈரத்தையும் குளிரையும் வைத்துத்தான். ஆக, கூரையை மூடும் பனி பிற்காலத்தில் ஏறிய பொருள்.

பதில் 2: கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. புறநானூறு 6ஆம் பாட்டே ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்று இமயத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. கண்ணால் பார்க்காவிட்டாலும் அந்த மலைமேல் கிடப்பதையும் பனி என்றே அன்றைக்கும் சொல்லியிருக்கிறார்கள். துளி, நடுக்கம் என்பது சரி. அக்கம்பக்கத்து மொழிகளிலும் அது தெரிகிறது: கன்னடத்தில் ஹனி என்றால் துளி (நம் பால் அங்கே ஹாலு ஆவது போல), மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் உடம்பு வெடவெடக்கிறதே! அவர்கள் பனிக்குச் சொல்வது மஞ்ஞு, அதிலும் புல் நுனித் துளி, மலையில் பெய்வது இரண்டும் அடக்கம்.

பதில் 3: வசனத்துக்கு அடைமொழி போதும். புல்லில் இருப்பது பனித்துளி, கூரையில் கிடப்பது வெண்பனி, வானிலிருந்து விழும்போது பனிப்பொழிவு. இரவில் புல்மேல் உப்புப் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தால் அது உறைபனி, எதிரே வருபவர் தெரியாவிட்டால் மூடுபனி. பனிக்கட்டியை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள், படிப்பவருக்கு டம்ளரில் மிதப்பதுதான் ஞாபகம் வரும். அப்புறம், கருவைச் சுற்றியிருக்கும் பனிக்குடத்தை யாரும் சொல்லவில்லையே. உடம்புச் சூட்டிலேயே இருக்கும் நீர், அதற்கும் பனி என்றுதான் பெயர்.

கேட்டவர்: பனிக்குடம் தினமும் காதில் விழும் சொல், இப்படி யோசித்ததே இல்லை. முதல் காட்சிக்குப் பனித்துளி, அடுத்ததற்கு வெண்பனி என்று மாற்றிவிட்டேன். மிக்க நன்றி.