செருகுநிரல் புதுப்பித்த இரவும் கிட்டில் இல்லாத தரவுத்தளமும்

தொடக்கப் பதிவு – சென்னை

ஒரு சிறு பதிப்பகத்தின் இணையத்தளத்தை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்குவது அது. 2023 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குவதற்கு முந்தைய இரவு பதினொன்றரை மணிக்குப் பதிப்பாளர் அழைத்தார். "தளத்தைத் திறந்தால் முக்கியமான பிழை என்று ஒரே ஒரு வரிதான் வருகிறது, தம்பி" என்றார். அரங்கில் கொடுப்பதற்காக அச்சிட்டிருந்த புத்தகக்குறிகளில் ஒரு தள்ளுபடிக் குறியீடு இருந்தது. மறுநாள் காலை முதல் வாசகர்கள் அதைத் தளத்தில் இட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிழைக்கு வெள்ளைத் திரை ஒன்றே கிடைக்கும். 2019-இல் வந்த வேர்ட்பிரஸின் 5.2 பதிப்பிலிருந்து பார்வையாளருக்கு அந்த ஒரு வரியும், நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு முறையில் நுழைவதற்கான இணைப்பும் செல்கின்றன. எங்கள் தளத்தில் நிர்வாகி முகவரியாக இருந்தது, தொடக்கத்தில் தளத்தை அமைத்துக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டவரின் முகவரி. அந்த நேரத்தில் அவரை எழுப்ப மனம் வரவில்லை. ஆகவே எஃப்டிபி (சர்வரின் கோப்புகளைத் தொலைவிலிருந்து கையாளும் முறை) வழியாக உள்ளே சென்று, செருகுநிரல்கள், அதாவது தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள், இருக்கும் அடைவின் பெயரை மாற்றினேன். தளம் உடனே திறந்தது. நிம்மதியில் நிர்வாகப் பகுதிக்குள் போய்ச் செருகுநிரல் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். அங்கேதான் முதல் தவறு நடந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, கோப்பு காணாமற்போன செருகுநிரல்களை எல்லாம் வேர்ட்பிரஸ் முடக்கப்பட்டவையாகப் பதிந்துகொள்ளும். அடைவுக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தபோது, நிறுவியிருந்த 27 செருகுநிரல்களும் முடங்கிக் கிடந்தன. அவற்றுள் 19 இயங்கிக்கொண்டிருந்தன என்பது நினைவில் இருந்தது. எந்தப் பத்தொன்பது என்பது இல்லை. இரண்டு நாள் பழைய தரவுத்தளக் காப்பு நகலைத் திறந்து, தள அமைப்புகளைச் சேமிக்கும் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் இயங்கும் செருகுநிரல்களின் வரிசையைத் தேடி எடுத்துத்தான் பட்டியலைத் திரும்பப் பெற்றேன்.

பிறகு பாதி பாதியாக இயக்கிப் பார்க்கும் வழக்கமான வேலை தொடங்கியது. பத்தை இயக்கினால் தளம் விழுந்தது. அந்தப் பத்தில் ஐந்தை நிறுத்தினால் எழுந்தது. இப்படியே நாற்பது நிமிடத்தில் தள்ளுபடிக் குறியீடுகளைக் கையாளும் செருகுநிரலில் வந்து நின்றேன். அன்று மாலை அது தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. இத்தனைக்கும் பிழைப் பதிவை ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒரு ஃபங்ஷனை (பெயரிட்ட நிரல் துண்டை) மறுபடி அறிவிக்க முடியாது என்று தொடங்கிய அந்த வரி, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பைக் காட்டி முடிந்ததால், தீமில் நான் எதையும் தொடவில்லையே என்ற எரிச்சலில் அங்கேயே நிறுத்திவிட்டேன். அதே வரியின் நடுவில், அடைப்புக்குறிக்குள், முன்பு எங்கே அறிவிக்கப்பட்டது என்று அந்தச் செருகுநிரலின் முழுப் பாதையும் வரி எண்ணும் இருந்தன. தீமில் நான் எப்போதோ எழுதி வைத்திருந்த பெயரையே அவர்களும் புதிய பதிப்பில் தங்கள் ஃபங்ஷனுக்கு வைத்திருந்தார்கள். செருகுநிரல்கள் முதலில் ஏறும், தீம் பின்னால் ஏறும். ஆகவே மோதல் தீமில் வெடித்தது.

தளத்தின் நிரல் முழுவதும் சர்வரிலேயே கிட்டில் இருந்தது; நிரலில் செய்யும் மாற்றங்களைக் கமிட் என்ற பதிவுகளாகச் சேமித்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திருப்பும் கருவி அது. பிறர் எழுதிய செருகுநிரல்களைக் கிட்டில் வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு; களஞ்சியம் பருத்துவிடும் என்பது உண்மைதான். இருந்தும் நான் வைக்கிறேன், இரண்டு பதிப்புகளுக்கிடையே என்ன மாறியது என்பதைக் கண்ணால் பார்க்க வேறு எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஓர் அடைவை மட்டும் முந்தைய கமிட்டின் நிலைக்குத் திருப்பினேன். தளம் ஒழுங்காகத் திறந்தது, வண்டியில் புத்தகம் சேர்ந்தது, கட்டணப் பக்கமும் வந்தது. புத்தகக்குறியில் இருந்த குறியீட்டை இட்டேன்; அப்படி ஒரு குறியீடே இல்லை என்றது தளம். பட்டியலைத் திறந்தால் ஒரு குறியீடுகூட இல்லை.

புதிய பதிப்பு, தீம் ஏறுவதற்கு முன்பே, எல்லாச் செருகுநிரல்களும் ஏறி முடிந்த அந்தக் கணத்திலேயே தன் இடமாற்ற வேலையை முடித்துவிட்டிருந்தது. ஆப்ஷன்ஸ் அட்டவணையில் இருந்த குறியீடுகளைத் தான் உருவாக்கிய புதிய அட்டவணைக்கு மாற்றிவிட்டு, பழையவற்றை அழித்திருந்தது. கிட் திருப்பித் தந்த பழைய நிரலோ பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. தரவுத்தளம் கிட்டின் கைக்குள் இல்லை என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆயினும் அதுவரை எந்தப் புதுப்பிப்புக்கு முன்பும் தரவுத்தளத்தைத் தனியாக ஏற்றுமதி செய்து வைத்ததில்லை. கோப்புகள்தாம் தளம் என்று கை பழகிவிட்டது.

2024-இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, ஒரு செருகுநிரலின் தானியங்கிப் புதுப்பிப்பு தளத்தை வீழ்த்தினால் வேர்ட்பிரஸ் அந்தச் செருகுநிரலைத் தானாகவே பழைய பதிப்புக்குத் திருப்பிவிடும். நல்ல வசதி. அதுவும் கோப்புகளை மட்டுமே திருப்பும்.

மறுமொழி – கோயம்புத்தூர்

நண்பரே, நிரல் கிட்டில் இருந்தும் நாற்பது நிமிடம் பாதி பாதியாகத் தேடியதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடைவின் பெயரைத் தொடுவதற்கு முன் சர்வரில் கிட் ஸ்டேட்டஸ் என்று தட்டியிருந்தால், கமிட் ஆகாமல் மாறிய கோப்புகள் எல்லாம் எந்தச் செருகுநிரலின் அடைவுக்குள் இருக்கின்றன என்பது அங்கேயே தெரிந்திருக்கும். இனி, தளம் திறக்கும் நிலையில் இருந்து ஏதோ ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால், ஹெல்த் செக் செருகுநிரலின் சோதனை முறையைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு மட்டும் செருகுநிரல்கள் முடங்கித் தெரியும். வாசகர்கள் வழக்கமான தளத்தையே பார்ப்பார்கள்.

எனக்கு நேர்ந்தது சற்று வேறு வகை. எங்கள் இலக்கிய இதழின் தளத்தில் புதிதாக வரும் கட்டுரைகளை ஊட்டத்திலிருந்து (பிற நிரல்கள் படிப்பதற்கான எக்ஸ்எம்எல் பட்டியலிலிருந்து) எடுத்து, வாரந்தோறும் வாசகர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு உண்டு. மூன்று வாரமாக மடல் வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதிய பிறகே கவனித்தேன். தளத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஊட்டத்தை உலாவியில் திறந்தால், எக்ஸ்எம்எல் அறிவிப்பு கோப்பின் தொடக்கத்தில் இல்லை என்ற பிழை. இடையில் 41 கமிட்டுகள் இருந்தன. கிட் பைசெக்ட்டைத் தொடங்கி, கடைசியாக மடல் வந்த நாளின் கமிட்டை நல்லது என்றும் இன்றையதைக் கெட்டது என்றும் குறித்தேன். அது நடுவில் ஒன்றை எடுத்துத் தரும். ஊட்டத்தைத் திறந்து பார்த்து நல்லது, கெட்டது என்று பதில் சொன்னால், மீதியில் மறுபடி நடுவில் ஒன்று. ஐந்தாவது முறை குற்றவாளி வந்து நின்றது. அந்தக் கமிட்டின் மாற்றத்தைப் பார்த்தபோது ஒரே ஒரு பச்சை நிறக் கூட்டல் குறி இருந்தது. அதற்கு எதிரே எதுவும் இல்லை. ஃபங்ஷன்ஸ் கோப்பின் முதல் வரிக்கு மேலே யாரோ (நான்தான்) ஒரு வெற்று வரியை விட்டிருந்தேன். அந்த வெற்று வரி ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் வெளியேறிக்கொண்டிருந்தது. சாதாரணப் பக்கத்தை உலாவி பொறுத்துக்கொண்டது, ஊட்டம் பொறுக்கவில்லை.

தவறு முழுவதும் நிரலுக்குள்ளேயே இருந்ததால்தான் பைசெக்ட் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் குறியீட்டுச் சிக்கலில் எந்தக் கமிட்டுக்குப் போயிருந்தாலும் அதே காலிப் பட்டியல்தான் வந்திருக்கும்.

மறுமொழி – யாழ்ப்பாணம்

வணக்கம் அண்ணா. தரவுத்தளம் தனி வழியில் போகும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பழைய கதை நினைவுக்கு வந்தது. பழைய மாணவர் சங்கம் ஒன்றின் இணையத்தளத்தைச் சோதனை முகவரியிலிருந்து உண்மையான முகவரிக்கு மாற்றினேன். கோப்புகள் கிட் வழியாக ஒழுங்காக வந்து சேர்ந்தன. தரவுத்தளத்தை ஒரே உரைக்கோப்பாக இறக்கி, உரைத்தொகுப்பியில் பழைய முகவரியைத் தேடிப் புதியதை இட்டு ஏற்றினேன். கட்டுரைகள் அனைத்தும் வந்தன. பக்கப்பட்டையிலும் அடிப்பகுதியிலும் இருந்த விட்ஜெட்டுகள் (சிறு பெட்டிகள்) மட்டும் மறைந்துவிட்டன.

விட்ஜெட்டுகளின் அமைப்புகளை வேர்ட்பிரஸ் ஒரே சரமாகத் தொடுத்துச் சேமிக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக இருக்கும். முகவரியின் நீளம் மாறி, எண் பழையதாகவே நின்றால், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பி அந்தச் சரத்தைப் பிரித்துப் படிக்க மறுத்துவிடும். காரணம் புரிந்ததும் எண்களைக் கையாலேயே திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். கையோடு ஆங்கிலத் தலைப்புகளையும் தமிழாக்கி வந்தபோது "முகப்பு" என்ற சொல் வந்தது. நம் கணக்கில் நான்கு எழுத்து. நான்கு என்று எழுதினேன், வேலை செய்யவில்லை. உகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோட் தனித்தனியாக எண்ணும் என்று அறிந்து ஏழு என்று மாற்றினேன், அப்போதும் இல்லை. அங்கே எண்ணப்படுவது பைட்டுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால் அந்தச் சிறு சொல்லுக்கு எழுத வேண்டிய எண் 21. அத்துடன் கைத்திருத்தத்தைக் கைவிட்டுவிட்டேன். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியில் தேடி மாற்றுவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அது சரத்தைப் பிரித்து, மாற்றி, நீளத்தைத் தானே திருத்தி எழுதிவிடும்.

உங்கள் குறியீடுகளைக் கடைசியில் எப்படி மீட்டீர்கள் அண்ணா?

மறுமொழி – திருச்சி

சர்வரிலேயே கிட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிட் தன் வரலாற்றை வைத்திருக்கும் டாட்-கிட் அடைவு வெளியிலிருந்து திறக்கிறதா என்று இன்றே பாருங்கள். என் தளத்தில், முகவரிக்குப் பின்னால் அந்த அடைவின் பெயரையும் கான்ஃபிக் என்ற கோப்பின் பெயரையும் தட்டியதும் கோப்பு அப்படியே உலாவியில் விரிந்தது. அதன் வழியே களஞ்சியம் முழுவதையும் யாரும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்குள் தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பையும் நான் கமிட் செய்திருந்தேன். அடுத்த கமிட்டில் அதை நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும் என்பதால், அடைவை வெளியார் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டு, கடவுச்சொல்லையே மாற்றினேன்.

மறுமொழி – சென்னை

திருச்சி நண்பருக்கு நன்றி. பார்த்துவிட்டேன், திறக்கவில்லை, சேவை நிறுவனம் முன்பே அடைத்து வைத்திருக்கிறது, என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

யாழ்ப்பாணத்துத் தங்கச்சி கேட்ட குறியீடுகளின் கதை இது. இரண்டு நாள் பழைய காப்பு நகலை அப்படியே ஏற்றினால் எளிதாக முடிந்திருக்கும், ஆனால் அதற்குப் பிறகு பதினோரு ஆர்டர்கள் வந்திருந்தன. ஆகவே அந்த நகலை வேறொரு காலித் தரவுத்தளத்தில் ஏற்றி, ஆப்ஷன்ஸ் அட்டவணையில் குறியீடுகள் இருந்த ஒரே ஒரு வரிசையை மட்டும் எடுத்து, இயங்கும் தரவுத்தளத்தில் சேர்த்தேன். புத்தகக்குறியின் குறியீடு வேலை செய்தபோது மணி மூன்றே கால். அந்தச் செருகுநிரலின் தானியங்கிப் புதுப்பிப்பை அப்போதே நிறுத்தினேன். நிர்வாகி முகவரியை விடிந்த பிறகு மாற்றினேன். இப்போது புதுப்பிப்பதற்கு முன் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து, அந்த நேரத்துக் கமிட் எண்ணின் முதல் ஏழு எழுத்துகளையே கோப்புக்குப் பெயராக வைக்கிறேன். எந்த நிரலுக்கு எந்தத் தரவு என்று தேட வேண்டியதில்லை. கோப்பு, தளம் இருக்கும் அடைவுக்கு வெளியே இருக்கிறது.